வீட்டில் செய்த மூலிகை மருந்தை விற்கும் முன்: சட்டப்படி செய்ய வேண்டியவை

சளி பிடித்தவருக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் தட்டிக் கஷாயம் காய்ச்சவோ, கைக்குழந்தைக்கு வசம்பைச் சுட்டு உரசித் தடவவோ யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. வீட்டாருக்காக வீட்டில் செய்யும் கைவைத்தியத்தில் இந்திய மருந்துச் சட்டம் தலையிடுவதில்லை. ஆனால் அதே சரக்கைப் பொடித்துப் பாக்கெட்டில் அடைத்து, "சளி, இருமலுக்கு" என்று சீட்டு ஒட்டி, வாட்ஸ்அப் குழுவில் விலை போட்டு அனுப்பினால், அந்தப் பொடி சட்டத்தின் கண்ணில் மருந்தாகவும் அதைச் செய்தவர் மருந்து உற்பத்தியாளராகவும் ஆகிவிடுகிறார். பாட்டி காலத்துப் பக்குவம் என்பதும், இயற்கையானது என்பதும், பக்க விளைவு இல்லை என்பதும் இந்த இடத்தில் வாதமாக நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் வழியாகவும் இயற்கைச் சந்தைகளிலும் இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் இத்தகைய பொருள்களை விற்போர் பலர் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறோம் என்பதை அறியாமலே விற்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: சட்டம் முதலில் பார்ப்பது மூலிகையை அன்று, எதற்காக அதைத் தருகிறீர்கள் என்று நீங்களே சொல்வதைத்தான்.

எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில், ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கான தனி அத்தியாயம் 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டது. மனிதருக்கோ விலங்குக்கோ வரும் நோயைக் கண்டறியவும், தீர்க்கவும், தணிக்கவும், வராமல் தடுக்கவும் உள்ளுக்கோ வெளிப்பூச்சாகவோ பயன்படுத்துவதற்கென்று, சட்டத்தின் முதல் அட்டவணை ஏற்றுக்கொண்ட நூல்களின் முறைப்படி செய்யப்படுபவை இந்த மருந்துகள் என்று அது வரையறுக்கிறது. "விலங்குக்கு" என்ற சொல் பலர் கண்ணில் படுவதில்லை. மாட்டின் மடிவீக்கத்துக்குக் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துத் தம் தொழுவத்தில் பூசும் விவசாயிக்குச் சிக்கல் இல்லை. அந்தக் கலவையை டப்பாவில் அடைத்து ஊருக்கு விற்பவருக்கு உண்டு.

ஒரே பொருள் சொல்லும் பயனுக்கேற்ப மூன்று வகைகளில் விழக்கூடும். முருங்கைக்கீரைப் பொடியைச் சோற்றில் பிசைந்து சாப்பிடும் பொடியாக விற்றால் அது உணவு. மூட்டுவலி தீர்க்கும் என்று எழுதி விற்றால் மருந்து. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ சேர்த்து அரைத்த நலங்கு மாவைக் குளியல் பொடியாக விற்றால் அழகுசாதனப் பொருள். படைக்கும் சொறிக்கும் போடலாம் என்றால் மருந்து. ஆகவே, உரிமம் பற்றி விசாரிக்கப் போகும் முன்பே, உங்கள் சீட்டில் என்ன எழுதப் போகிறீர்கள், வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளே நீங்கள் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

உணவு என்று முடிவானால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறு அளவில் செய்வோருக்குப் பதிவும், அளவு கூடினால் உரிமமும் தேவை. சுக்குமல்லிக் காபிப் பொடி, சத்துமாவு, கறிவேப்பிலைப் பொடி போன்றவை இந்த வழியில் சிரமமின்றிப் போகும். ஆனால் உணவுச் சீட்டில் நோய் தீரும் என்ற சொல் வரக்கூடாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இடம் தந்தது. ஆயுர்வேத நூல்முறைப்படி செய்யும் உணவுகளுக்கென 2022ஆம் ஆண்டில் ஆயுர்வேத ஆகார விதிமுறைகள் வந்தன. அவை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொருள்களையும், பற்பம் போன்ற உலோகக் கலப்புகளையும், நச்சுப் பட்டியலில் உள்ள மூலிகைகளையும் தம் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டன.

அழகுசாதனப் பொருள் என்றால் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். கூந்தல் தைலமும் மூலிகைச் சோப்பும் இதில் அடங்கும். வீட்டில் சோப்புக் காய்ச்சி விற்போரில் பெரும்பாலோர் உணவுப் பதிவு எண்ணையோ சிறுதொழில் பதிவு எண்ணையோ சீட்டில் போட்டுவிட்டு அதுவே உரிமம் என்று நம்புகிறார்கள். இரண்டும் உரிமம் ஆகா. சித்த மருந்து உரிமத்துக்குள்ளேயே அழகு சாதனம் என்ற ஒரு வகையும் இருப்பதால், மருந்தும் குளியல் பொடியும் சேர்த்துச் செய்ய விரும்புவோர் அந்த வழியையும் விசாரிக்கலாம்.

மருந்து என்று முடிவானால்

விற்பதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ சித்த மருந்தை உரிமமின்றித் தயாரிக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 33-இஇசி பிரிவு. இலவசமாகப் பெரிய அளவில் கொடுத்தாலும் அது விநியோகமே என்பதால், பணம் வாங்கவில்லை என்ற விளக்கம் முழுப் பாதுகாப்பு ஆகாது. 2008இல் திருத்தப்பட்ட தண்டனைப் பிரிவு, உரிமமில்லாத் தயாரிப்புக்கு ஓராண்டு வரை சிறையும், 20,000 ரூபாய் அல்லது பறிமுதலான மருந்தின் மதிப்பில் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் என்று வகுத்தது. அதே வேளையில், உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்த சித்த மருந்தை வாங்கி விற்பதற்கு அலோபதி மருந்துக்கடை போலத் தனி விற்பனை உரிமம் இந்தச் சட்டத்தில் கேட்கப்படவில்லை. விற்பதில் மட்டும் விருப்பமுள்ளவருக்கு இது எளிய வழி.

தாமே தயாரிப்பவர், தம் மருந்து நூல்முறை மருந்தா, தனியுரிமை மருந்தா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். சட்டத்தின் முதல் அட்டவணையில் சித்த வைத்தியத்துக்கென அகத்தியர் வைத்திய காவியம் 1500, போகர் 700, புலிப்பாணி 500, பாலவாகடம், சித்த வைத்தியத் திரட்டு முதலான நூல்கள் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றில் உள்ள முறையை, அதே சரக்கு, அதே அளவு, அதே பக்குவம் என்று மாற்றமின்றிச் செய்தால் அது நூல்முறை மருந்து. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்ற ஒன்பது சரக்கும் சேரும் நிலவேம்புக் குடிநீர் இதற்கு நல்ல சான்று. அதில் துளசி கூடினால் நல்லது என்று நீங்களாகச் சேர்த்தால், அந்நூல்களில் உள்ள சரக்குகளையே கொண்டிருந்தாலும் முறை புதிது என்பதால் அது தனியுரிமை மருந்து ஆகிவிடும். இரண்டுக்கும் உரிமம் கிடைக்கும். ஆனால் தனியுரிமை மருந்துக்கு, மருந்துச் சட்ட விதிகளில் 2010ஆம் ஆண்டில் வந்த 158-பி விதியின்படி, நூல்சார்ந்த காரணம் காட்டுவதோடு பயனுக்கான சான்றும், சரக்கின் தன்மையைப் பொறுத்துப் பாதுகாப்புச் சோதனையும் கேட்கப்படும். முதல்முறை விண்ணப்பிப்பவர், குடும்பத்துப் பக்குவத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நூலில் உள்ள இரண்டு மூன்று சூரணங்களோடு தொடங்குவதே அறிவுடைமை.

குடும்பத்தில் வாய்வழியாக வந்த பக்குவத்துக்கு அட்டவணை நூல்களில் வேர் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது வீண்வேலை அன்று. பல வீட்டு லேகியங்களும் தைலங்களும் பழைய நூல் முறைகளின் கிளைகளே என்பதால், பழகிய ஒரு சித்த மருத்துவரிடம் சரக்குப் பட்டியலைக் காட்டினால் மூலத்தை அவர் அடையாளம் காணக்கூடும். அப்படிக் கிடைத்தால் அந்தப் பக்கத்தின் நகலே விண்ணப்பத்துக்குரிய சான்று.

உரிமத்துக்கு 24-டி (24-D) படிவத்தில் விண்ணப்பித்து 25-டி (25-D) படிவத்தில் உரிமம் பெற வேண்டும். 2021 அக்டோபரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு விண்ணப்பம் ஆயுஷ் அமைச்சகத்தின் இ-ஔஷதி இணையதளத்தில் செய்யப்படுகிறது. முடிவு சொல்லும் காலவரம்பு மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. ஒருமுறை கட்டணம் செலுத்திப் பெற்ற உரிமம், உரிய காலத்தில் சுய உறுதிமொழி தந்துவரும்வரை தொடர்ந்து செல்லும். தமிழ்நாட்டில் உரிமம் வழங்கும் அலுவலர், சென்னை அரும்பாக்கத்தில் இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறையின் கீழ் இருக்கிறார். இடத்தின் வரைபடம், இயந்திரப் பட்டியல், தொழில்நுட்பப் பணியாளரின் சான்றிதழ்கள், சரக்கு அளவும் செய்முறையும், நூல் பக்கத்தின் நகல், ஆய்வக அறிக்கை, சீட்டின் மாதிரி ஆகியவற்றை முன்னமே சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விண்ணப்பம் திரும்பி வராது.

வீட்டுச் சமையலறை இடறும் இடம் இதற்கு அடுத்தது. நல்ல உற்பத்தி முறைகளை வகுக்கும் 'டி' (T) அட்டவணை, ஒரு மருத்துவ முறைக்கான தயாரிப்புக் கூடத்துக்குக் குறைந்தது 1,200 சதுர அடி கட்டிய பரப்பைக் கேட்கிறது. சரக்கு வைக்கும் இடம், உலர்த்தி இடிக்கும் இடம், அடைக்கும் இடம், முடிந்த மருந்தை வைக்கும் இடம் எல்லாம் தடுப்புகளால் பிரிந்திருக்க வேண்டும். முழுநேரத் தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும்: சித்த மருத்துவப் பட்டதாரியாகவோ, மருந்தியல், வேதியியல், தாவரவியல் பட்டத்தோடு இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவராகவோ, மருந்து செய்வதில் நான்கு ஆண்டு அனுபவமுள்ள பதிவு பெற்ற வைத்தியராகவோ அவர் இருக்கலாம். இரண்டு படுக்கையறை வீட்டில் இது நடக்காது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். சிறு முதலீட்டாளரின் நிலையை எண்ணாமல் பெரிய ஆலையை மனத்தில் வைத்து எழுதிய விதி இது என்ற மனக்குறை நியாயமானதே; ஆயினும் விதி மாறும்வரை அதுவே விதி.

இந்தச் சுவரைத் தாண்ட ஒரு வழி சட்டத்திலேயே உண்டு. ஏற்கெனவே உரிமம் உள்ள ஒரு கூடத்தில் உங்கள் மருந்தைச் செய்து தர ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, 25-இ படிவத்தில் கடன் உரிமம் பெறலாம். கூடமும் இயந்திரமும் அவர்களுடையவை. மருந்தும் பெயரும் உங்களுடையவை. மகளிர் குழுக்கள் ஐந்தாறு சேர்ந்து ஒரு கூடத்தோடு இப்படி ஏற்பாடு செய்துகொள்வது, ஒவ்வொரு குழுவும் தனித்தனியே கட்டடம் தேடுவதைவிட நடைமுறைக்கு ஏற்றது.

சரக்கை வாங்கும்போது

நாட்டு மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கியது அதே மூலிகைதான் என்று நம்பிவிடக் கூடாது. பற்படாகம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு இனச் செடிகள் சந்தையில் கைமாறுகின்றன. சீந்தில் என்று நினைத்து அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடியைப் பயன்படுத்துவது கேடு தரும் என்று ஆயுஷ் அமைச்சகமே 2022இல் எச்சரித்தது. சீட்டில் தாவரவியல் பெயர் கேட்கப்படுவது இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கத்தான். ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும் எங்கே, எப்போது, எவ்வளவு வாங்கியது என்று பதிவேட்டில் எழுதி, ஒரு பிடியை மாதிரியாக எடுத்து வைத்து, தாவரவியல் அறிந்தவரிடம் அடையாளம் உறுதி செய்துகொள்ளுங்கள். கன உலோகச் சோதனையையும் தவிர்க்க முடியாது: மூலிகை மருந்துகளில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பவை பின்பற்றப்படும் உச்ச வரம்புகள். சாலையோரத்தில் பறித்த கீரையும், சாக்கடைநீர் பாய்ந்த நிலத்துச் செடியும் இந்த வரம்பைத் தாண்டிப் போக வாய்ப்புண்டு.

எட்டி, ஊமத்தை, குன்றிமணி, சேராங்கொட்டை, நாபி, அபினி, கஞ்சா ஆகியவையும் பாடாணம் எனப்படும் நச்சுத் தாதுக்களும் மருந்துச் சட்ட விதிகளின் இ-1 என்னும் நச்சுப் பட்டியலில் உள்ளன. இவை சேரும் உள்மருந்தின் சீட்டில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும் என்கிறது விதி. வாங்குபவர் தமிழர் என்றால் தமிழிலும் எழுதுவதுதானே முறை. சேராங்கொட்டை லேகியத்தை வீட்டில் கிண்டி இணையத்தில் விற்கும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம். நச்சை நீக்கும் சுத்தி முறை சிறிது பிசகினாலும் வாயும் தோலும் வெந்துபோகும்.

மயிலெண்ணெய், உடும்புத் தைலம் இரண்டையும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. மயிலும் உடும்பும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர்கள். அங்கே மருந்துச் சட்டத்தைவிடக் கடுமையான சிறை காத்திருக்கிறது. காப்புக்காட்டில் மூலிகை பறிக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

சீட்டில் இருக்க வேண்டியவை

மருந்தின் பெயர், "சித்த மருந்து" என்ற சொல், எல்லாச் சரக்கின் தாவரவியல் பெயரும் அளவும், நிகர எடை, தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிம எண், பேட்ச் எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவை விதிகள் கேட்பவை. பூச்சு மருந்தென்றால் "வெளி உபயோகத்துக்கு மட்டும்" என்பதும் வேண்டும். நூல்முறை மருந்தாயின் எந்த நூல் என்பதையும் குறிக்க வேண்டும். இவற்றோடு எடையளவுச் சட்டத்தின் பொதிப்பொருள் விதிகள் கேட்கும் அதிகபட்ச விலையும், புகார் சொல்லத் தொடர்பு எண்ணும் சேரும். காலாவதிக் காலம் சூரணத்துக்கு ஒன்று, தைலத்துக்கு ஒன்று என மருந்தின் வகைக்கேற்ப விதியிலேயே வகுக்கப்பட்டிருப்பதால், "நீண்ட நாள் கெடாது" என்று நீங்களாக எழுத இடமில்லை.

விளம்பரம் என்னும் பொறி

உரிமம் பெற்றவரும் சறுக்கும் இடம் இதுதான். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், அதன் அட்டவணையில் உள்ள 54 நோய்கள், நிலைகளுக்கு எந்த மருந்தையும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. மருந்து பலிக்குமா பலிக்காதா என்பது அங்கே கேள்வியே அன்று, விளம்பரமே குற்றம். நீரிழிவு, புற்றுநோய், ரத்த அழுத்தம், இதய நோய், உடல் பருமன், வெண்புள்ளி, வலிப்பு, பக்கவாதம், வாத நோய், கண்புரை, சிறுநீரகக் கல், பெண்களின் மலட்டுத்தன்மை, ஆண்மைக் குறைவு எல்லாம் அதில் அடக்கம். இன்றைய மூலிகை விற்பனையின் பாதிப் பட்டியல் அதுவே என்பதைக் கவனியுங்கள். பொதுவாகக் காய்ச்சல் என்பதும் அட்டவணையில் இருக்கிறது. 2012ஆம் ஆண்டு டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசும், கொரோனாக் காலத்தில் அரசுத் துறைகளும் நிலவேம்பு, கபசுரக் குடிநீர்களை விளம்பரம் செய்து கொடுத்ததைப் பார்த்து நாமும் அப்படி எழுதலாம் என்று எண்ணக் கூடாது. அரசு வெளியிடும் விளம்பரத்துக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு, தனியாருக்கு இல்லை.

விளம்பரம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் பொருளும் அகலமானது: அறிவிப்பு, சுற்றறிக்கை, சீட்டு, மேலுறை, வாய்ச்சொல், ஒளியாலோ ஒலியாலோ புகையாலோ செய்யப்படும் அறிவிப்பு அனைத்தும் விளம்பரமே. புகையைக்கூட விடாத சட்டம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் யூடியூப் காணொளியையும் விட்டுவிடாது. "என் சர்க்கரை 300இலிருந்து 110க்கு வந்துவிட்டது" என்று வாடிக்கையாளர் அனுப்பிய குரல் பதிவை உங்கள் பக்கத்தில் பகிர்ந்தால், அது உங்கள் விளம்பரமாகவே கொள்ளப்படும். ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி கேட்ட 170ஆம் விதியை 2024 ஜூலையில் மத்திய அரசு நீக்கியதால் தடை போய்விட்டது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். 1954 சட்டம் அப்படியே நிற்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வழி செய்கிறது.

வைத்தியர் விலக்கு யாருக்கு

தம்மிடம் வரும் நோயாளிக்குத் தாமே மருந்து செய்து கொடுக்கும் வைத்தியருக்கு உற்பத்தி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் நோயாளியைப் பார்த்து, நாடி பிடித்து, அவருக்கென்று செய்து கொடுப்பதற்குத்தான் அது பொருந்தும். அதே மருந்தைக் கடைக்குப் போட்டாலோ கூரியரில் ஊர் ஊராக அனுப்பினாலோ விலக்கு முடிந்துவிடும். பரம்பரை வைத்தியர் என்ற பெயர் மட்டும் போதாது. முறையான பதிவு இல்லாமல் பரம்பரை அறிவைக் கொண்டு மட்டும் வைத்தியம் பார்க்க இயலாது என்று கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம் ஊர்ப்புறத்து எலும்பு முறிவு வைத்தியர்களையும் விஷக்கடி வைத்தியர்களையும் எங்கே நிறுத்துகிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அதைச் சொல்லி உரிமமின்றி விற்பதை நியாயப்படுத்த முடியாது.

ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவர்

இதுவரை விற்றுவிட்டோமே என்று அஞ்சி ஒளிவதைவிட, வரிசையாகச் சரிசெய்வதே நல்லது. நோயின் பெயர் உள்ள சீட்டுகளைப் பயன்பாட்டிலிருந்து எடுங்கள். முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூபில் உள்ள பழைய பதிவுகளையும் நீக்குங்கள், ஏனெனில் மூன்று ஆண்டுக்கு முன் போட்ட காணொளியும் இன்று பார்ப்பவருக்கு விளம்பரமே. உணவாக விற்கத் தக்கவற்றைப் பதிவு செய்து விற்பனையைத் தொடருங்கள். மருந்தாக மட்டுமே நிற்பவற்றின் தயாரிப்பை, சொந்த உரிமமோ கடன் உரிமமோ கையில் வரும்வரை நிறுத்தி வையுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்று விற்றவை இருந்தால் முதலில் நிறுத்த வேண்டியவை அவையே. அயல்நாட்டு உறவினர் கேட்டார் என்று பெட்டியில் போட்டு அனுப்புவதையும் விட்டுவிட வேண்டும். மலேசியாவில் பாரம்பரிய மருந்துக்கும் அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு எண் இல்லாமல் விற்பனை இல்லை.

உரிமம் வந்தபின் புகார்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். மருந்தால் வாந்தி, அரிப்பு, வயிற்றுப்போக்கு என்று யார் சொன்னாலும், பேட்ச் எண்ணோடு எழுதி, என்ன செய்தீர்கள் என்பதையும் குறித்து, ஆறு மாதத்துக்கொரு முறை உரிம அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்பது 'டி' அட்டவணையின் விதி. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பாட்டிலை முத்திரையிட்டு எடுத்து வைத்திருந்தால், புகார் வரும் நாளில் குறை மருந்திலா வைத்திருந்த விதத்திலா என்பதை ஆய்வகத்தில் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம்.